மேலே நிற்கிற ஆள்

எங்கள் ஆபீஸில் காபி நன்றாக இருக்கும், இன்ஸ்பெக்டர் மேடம். விசாரணைக்கு வந்தபோது நீங்கள் குடிக்காமல் போய்விட்டீர்கள். மேற்குத் தாம்பரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் கம்பெனி தொடங்கிய நாளிலிருந்தே காபியில் மட்டும் நான் கஞ்சத்தனம் பார்த்ததில்லை.

அதற்கு முன் ஒன்பது வருஷம் நான் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் வேலைக்கு இரண்டு பேர் போவோம். ஒருவர் அடியில் இருக்கும் குழிக்குள் இறங்குவார். இன்னொருவர் மொட்டைமாடியில் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, யாரும் தொடாதபடி பக்கத்திலேயே நிற்பார். நான் குழியில், துளசிங்கம் அண்ணன் மேலே. நான் ஏறி வந்து குரல் கொடுக்கும்வரை ஒரு டீக்குக்கூட நகரமாட்டார்.

பிறகு எந்த மெக்கானிக் எந்த இடத்துக்கு எப்போது போகவேண்டும் என்று முடிவு செய்யும் மென்பொருளை எழுதினேன். எங்கள் பழைய லிஃப்ட் கம்பெனிதான் முதல் வாடிக்கையாளர். ஆறு மாதம் ஓடியதும், பாதி ஆட்கள் சும்மா நிற்கிறார்கள் என்றது மென்பொருள். அப்படி நிற்பது எதற்கு என்று ஆபீஸில் எனக்கு மட்டும்தான் தெரியும். தெரிந்தேதான் அந்த இரண்டாவது ஆளை நீக்கினேன். மெக்கானிக்குகள் வேலையை மறுக்க ஆப்பில் இருந்த பட்டனையும் எடுத்தேன். நாற்பது கம்பெனிகள் வந்தன.

பத்தாம் ஆண்டு விழாவில் அண்ணனை மேடையேற்றினேன். "குழில எறங்குனா 'மேல கீறியாண்ணா, கீறியாண்ணா'ன்னு கூப்ட்டுகினே இருப்பான் இவன்," என்றார். என் ஊழியர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு அது கசந்தது. இன்னும் கசக்கிறது.

போன செவ்வாய் காலை பெருங்களத்தூரில் ஒரு அடுக்குமாடியிலிருந்து அவர் போன் செய்தார்.

"மெர்வினு, என்னிய ஒண்டியா அனுப்பிக்கீறாங்க. நான் கீழ எறங்குனா மேல யாரு நிக்கறது?"

திரையில் பார்த்தேன். ஜீவானந்தம் என்ற மெக்கானிக் வண்டலூரில் வேலை முடித்துவிட்டு, பத்து நிமிட தூரத்தில் இருந்தான். ஆனால் மென்பொருளை வாங்க வந்த பெங்களூர்க்காரர்களும் அதே திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒருத்தர் போதும்ணா. சும்மா கூப்பிட்டுக்கிட்டே இருக்காதீங்க," என்றேன். அவர் போனை வைத்துவிட்டு, மாடியில் சுவிட்சை அணைத்துவிட்டுக் குழியில் இறங்கியிருக்கிறார்.

லிஃப்ட் ஓடவில்லை என்று குடியிருப்பவர்கள் சத்தம் போட, வாட்ச்மேன் மாடிக்குப் போய் சுவிட்சைப் போட்டிருக்கிறார். மீதியை நீங்கள் நேரில் பார்த்தீர்கள்.

செய்தி வந்ததும், பெங்களூர்க்காரர்கள் காபி குடித்துக்கொண்டிருந்தபோது, அந்த வேலையில் இரண்டாவது ஆளாக ஜீவானந்தத்தின் பெயரை நானே சேர்த்தேன். சுவிட்சை விட்டுப் போனவன் என்று நீங்கள் அவனைப் பிடித்து மூன்று நாளாகிறது. அவன் மனைவி ஜோவிதா நேற்று என்னைத் தேடி வந்தாள்.

"அவரு அங்க போகவே இல்ல சார். உங்க ஆப்புல பாத்து சொல்லுங்க சார்."

பார்க்கிறேன் என்று சொல்லி, காபி கொடுக்கச் சொன்னேன். அவளும் குடிக்கவில்லை.

அந்த நேரத்தில் ஜீவானந்தம் வண்டலூர் டீக்கடை கேமராவில் இருக்கிறான் என்கிறீர்கள். சரி, அவனை அனுப்பிவிடுங்கள். தனியாக இறக்கியதும் நான், பெயரைச் சேர்த்ததும் நான். கொலை என்று மட்டும் எழுதாதீர்கள், மேடம். துளசிங்கம் அண்ணன் உயிரோடு இருந்தால் அவரே வந்து எனக்காகப் பேசியிருப்பார். ஒன்பது வருஷத்தில் ஒரு நாள்கூட என்னைக் கீழே விட்டுவிட்டு நகர்ந்தவரில்லை அவர்.