மண்டபத்துப் பெண்கள் வரிசை

நேற்றுக் காலை பத்தேகாலுக்குப் பழங்காநத்தம் இ-சேவை மையத்தில் எனக்கு முன்னால் ஐம்பது வயதைத் தாண்டிய கணவனும் மனைவியும் நின்றார்கள். மனைவியின் ஓட்டை அவர் பிறந்த ஊரான மண்டபத்திலிருந்து மதுரைக்கு மாற்றும் விண்ணப்பம் கணவர் கையில் இருந்தது.

“எனக்கு மதுரையில ஓட்டு வேணாங்க,” என்றார் அந்த அம்மாள் திடீரென்று.

“கேட்ட கட்சிக்கெல்லாம் ஒருக்கா குடுத்துப் பாத்த தொகுதி உங்க ராமநாதபுரம். இன்னும் யாருக்குப் போட அம்புட்டு தூரம் ஓடுற?”

“கட்சி கெடக்குது. எங்கண்ணனும் தங்கச்சி புருசனும் எதிரெதிர் கட்சிக்கு பூத் ஏஜெண்டா உக்காந்து சண்டை போட்டதுலருந்து ரெண்டு வீட்டுக்கும் பேச்சில்ல. தங்கச்சி வீட்டுக்கு நான் போனா அண்ணனுக்கு ஆகாது. ஓட்டுப் போடுற வரிசையில அவளும் நானும் ஒண்ணா நின்னா யாரு கேக்க முடியும்?”

“அதுல எம்புட்டு நேரம் பேசிருவீக?”

“பின்னாடி வர்றவங்கள முன்னாடி விட்டுக்கிட்டே மத்தியானம் வரைக்கும் நிப்போம்.”

கணவர் விண்ணப்பத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வரிசையை விட்டு விலகினார்.

“எம்.பி.க்கு ஒருக்கா, எம்.எல்.ஏ.வுக்கு ஒருக்கா. அஞ்சு வருசத்துல ரெண்டு தடவதானா பாக்குறீக? நடுவுல ஒரு இடைத்தேர்தல் வந்தா தேவல.”

“வாய மூடுங்க. பாவம், அந்த எம்.பி. நல்லா இருக்கட்டும்.”