பலகைப் பியானோ

கண்டக்டரு கேக்குறான், அரை டிக்கட்டாம்லா! பலகைக்கு! நீயே கேட்டீல்ல தங்கச்சி? புள்ளைக்குக் கேட்டா குடுக்கலாம்… பலகைக்கு எதுக்கு டிக்கட்டு? ஜன்னலோரமா உக்காந்து வேடிக்கையா பாக்கப் போவுது? நாலடி கூட முழுசா இல்ல. அந்த நுனிய மட்டும் ஒன் மடியில வச்சுக்க… ஆங், அப்படித்தான். வளைவுல வழுக்கும், புடிச்சுக்க. கவுத்துடாதம்மா, கறுப்பெல்லாம் பேந்துரும்.

என்னாது? இஸ்திரி போடுற பலகையா? அட போ! பியானோ தங்கச்சி, பியானோ! எங்க வூட்டுக்காரரு வாசிக்கிற பியானோ.

சிரிக்காத. நானும் மொதல்ல சிரிச்சேன், இப்ப இதத் தூக்கிக்கிட்டு சுங்கை பஞ்சாங் போறேன். எங் கொழுந்தன் வூட்டுல போயி உக்காந்திருக்காரு மனுசன், இன்னையோட ஏழு நாளு. சோறு எறங்கலியாம். பேச்சே இல்லியாம். கொழுந்தன் பொஞ்சாதி எஸ்டேட் ஆபீசுக்குப் போன் அடிச்சு, "அக்கா, மாமா வெரலையே பாத்துக்கிட்டு இருக்காரு, பயமா இருக்கு"ங்குறா. எனக்கு மட்டும் பயமா இருக்காதா? நீ எங்க எறங்கணும், சபாக்குலயா? நல்லதாப் போச்சு, இன்னும் நேரம் கெடக்கு.

எல்லாம் அந்த மிஸ்ஸால வந்தது. எங்க வூட்டுக்காரரு செல்லையா, மானேஜர் பங்களாவுல தோட்டக்காரரு. சனிக்கெழமையானா கிள்ளான்லேர்ந்து ஒரு மிஸ்ஸு வந்து மானேஜர் மவளுக்குப் பியானோ சொல்லிக் குடுக்கும். இவரு ஜன்னலுக்கு வெளிய ரோசாச் செடிக்குத் தண்ணி ஊத்திக்கிட்டே பாப்பாரு. ஒரே செடிக்கு! அது அழுவியே செத்துச்சு. அந்த மிஸ்ஸு சொல்லுமாம்… பியானோ படிச்சா புள்ளைங்களுக்கு மூளை கூர்மையாவுமாம், முதுகு நேராவுமாம், கணக்கு தண்ணியா வருமாம். பெரியவங்களுக்கு பிரஷர் எறங்குமாம், மறதி வராதாம், வெரல் கணு இறுகாதாம், கோவம் கொறையுமாம். கடையில விக்கிற லேகியத்துக்குக் கூட இத்தனை சொல்ல மாட்டான்!

கேட்டுட்டு வந்தாரா… ஊரெல்லாம் வீடியோ டெக்கு வாங்குறான், இவரு பலகை தேடுறாரு. பங்களாப் பியானோவக் கயிறு வச்சு அளந்துட்டு வந்து, கோயில் சுவத்துக்கு அடிச்ச மிச்சப் பெயிண்ட அடிச்சு, பழைய சைக்கிள் டியூப வெட்டிக் கறுப்புக் கட்டை ஒட்டி… ரெண்டு வாரம் தங்கச்சி!

அப்புறம் தெனமும் அஞ்சு மணியானா குளிச்சு, சட்டை போட்டு, பலகை முன்னால உக்காந்துருவாரு. சத்தமே வராத பலகைக்கு நாங்க சத்தம் போடக்கூடாதாம்! சட்டி உருண்டாப் போச்சு, "தாளத்தக் கெடுத்துட்டியேடி வேலம்மா!" பக்கத்து வூட்டு இருசப்பன் வந்து, "செல்லையாண்ணே, கொஞ்சம் மெதுவா வாசிங்க, புள்ள தூங்குது"ன்னான். கிண்டலுக்குத்தான்… ஆனா இவரு மெதுவா வாசிச்சாரு! மறுநாள் அவன் பொஞ்சாதி வந்து, புள்ள நல்லாத் தூங்குச்சுன்னு சொல்லிட்டுப் போறா. அப்புறம் லயத்து வரிசை வூட்டுச் சனமே வாசல்ல வந்து நிக்க ஆரம்பிச்சிருச்சு, கேக்குறதுக்கு. என்னத்தக் கேக்குறது? அதுல எங்கள வேலை வாங்குற மண்டோர் வேற, "நேத்து மாதிரி இல்லியே, ரெண்டு எடத்துல தப்பு வுழுந்துச்சே"ங்குறாரு. இவரு ஒத்துக்கிறாரு! எனக்குத் தலை பூசிங், கிறுகிறுன்னு சுத்துது.

பிரயோசனம் இல்லன்னு சொல்லக்கூடாது. எம் மவ கலாவதியும் படிச்சா, நாலாம் வகுப்பு. மூணு பாடத்துல பெயிலு… ஆனா முதுகு நேரா உக்காந்து பெயிலாயிருக்கா. இவருக்குப் பிரஷர் எறங்குனது நெசம். எனக்கு ஏறிச்சு.

போன வாரம் மானேஜர் மவளுக்குப் பொறந்த நாளு. கேக்கு வெட்டியாச்சு. மிஸ்ஸு சும்மா மரியாதைக்கு, வேற யாருக்காச்சும் வாசிக்கத் தெரியுமான்னு கேட்டுச்சு. நான் சமையலுக்கு ஒத்தாசையாப் போயி, குசினி வாசல்ல பலகாரத் தட்டோட நிக்கிறேன். இவரு பூத்தொட்டியக் கீழ வச்சாரு. போட்டிருந்த சிலுவார்ல கையத் தொடச்சாரு. நேராப் போயி உக்காந்துட்டாரு! கண்ண மூடுனாரு, எடது ஓரத்துலேர்ந்து ரெண்டு சாண் அளந்து கைய வச்சாரு. பலகையிலயும் அப்படித்தான், வெரலப் பாக்கக்கூடாதுன்னு மிஸ்ஸு சொல்லுமாம். அந்த ரெண்டு சாண்லேர்ந்துதான் அவருக்கு எல்லாக் கணக்கும். ஒன்றரை வருசப் பழக்கம்.

அமுக்குனாரு பாரு… மொதல்ல அவரே பயந்துட்டாரு! சத்தம் வருதுல்ல!

அப்புறம் வாசிச்சாரு… ஐயோ… தகரக் கூரை மேல ஆடு ஓடுன மாதிரி. வெளிய நின்ன டிரைவருங்க, காரைத்தான் எவனோ இடிச்சிட்டான்னு ஓடியாராங்க. நிறுத்தலாமில்ல? மாட்டாரே. தப்பு வந்தாலும் நிறுத்தக்கூடாதுன்னு அதையும் மிஸ்ஸுதான் சொல்லியிருக்கு. முழுசா வாசிச்சு முடிச்சுக் கண்ணத் தொறந்தாரு. ஒருத்தரும் சிரிக்கல தங்கச்சி. அதுதான் கொடும. சிரிச்சிருந்தா வூட்டுக்கு வந்து நாலு பேரத் திட்டித் தீத்திருப்பாரு. நேரா வூட்டுக்கு வந்து பலகையச் சுவத்தப் பாக்கத் திருப்பி வச்சாரு. "எம் மூளை அவ்வளவுதான் வேலம்மா"ன்னாரு. துணிப் பைய எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு.

அவரு மூளைக்கு ஒண்ணுமில்ல.

எனக்கு எப்படித் தெரியுமா? …இந்த எடது ஓரத்தத் தடவிப் பாரேன். மத்த பக்கமெல்லாம் மழமழன்னு இருக்கா? இது மட்டும் பிசிறு பிசிறா… அது வந்து… எங்க வூட்டுக் குசினிக் கதவு சாத்த மாட்டேங்குது, பலகை இடிக்குது, கோழியெல்லாம் உள்ள வருது. நாலு விரக்கடைதான், நாலு வெரல் அகலம், இடிக்குது. அவரு பெயிண்டு காய வச்சுட்டு வேலைக்குப் போயிருந்தாரு, வாசிக்கவே ஆரம்பிக்கல. ரம்பத்த எடுத்தேன்… நாலே நாலு கட்டை தங்கச்சி! அத்தனை கெடக்கே, எல்லாத்தையுமா வாசிக்கப் போறாருன்னு நெனச்சேன்.

குட்டைப் பலகையில ரெண்டு சாண் பழகிட்டாரு மனுசன். நெசப் பியானோவ யாரும் அறுக்கலியே, அதே ரெண்டு சாண் அங்க வேற கட்டையில வுழுந்துருச்சு! தட்டோட நிக்கிறப்பவே எனக்குப் புரிஞ்சுபோச்சு. நாலு விரக்கடை தள்ளி வைங்கன்னு அங்கயே கத்தியிருக்கணும். பாவி, நின்னுக்கிட்டே இருந்தேன்.

அறுத்த துண்டு பையில இருக்கு. கோழிக்கூண்டுக்கு முட்டுக் குடுத்திருந்தேன், கழுவிட்டேன். நீ ஒரு ஒத்தாசை பண்ணு… என்கூட வாயேன். எலி கடிச்சிருச்சுன்னு நான் சொல்றேன், "ஆமாண்ணே, நானும் பாத்தேன்"னு நீ ஒரு வார்த்த சொன்னாப் போதும். பொம்பளப் புள்ள சொன்னா நம்புவாரு… ஏன் எந்திரிக்கிற? சபாக்குன்னியே? இது செகிஞ்சான்லா, சபாக்கு இன்னும் தூரம்! தங்கச்சி! ஏய், குடைய வுட்டுட்டுப் போறியே…

எறங்கிட்டா.

…போவட்டும். எலி எங்க இவ்வளவு நேராக் கடிக்கும்?

என்னா கண்டக்டரே பாக்குற? வா, இப்படி உக்காந்து அந்த நுனியப் புடி. ஒரு தடவ சொல்லிப் பாத்துக்கிறேன், நீ பேசாமக் கேளு. அங்க போயி வாய் அடைச்சுக்கிச்சுன்னா என்ன பண்றது… ம்ம்… "ஏங்க… ஒங்க மூளைக்கு ஒண்ணும் ஆவலீங்க. நான்தான் அறுத்தேன்."