ஓரத்தில் ஏறிய நீலம்

அதைத்தான் சொல்ல வருகிறேன், இன்ஸ்பெக்டர் மேடம். வெள்ளி கறுக்காது. பெரும்பாலானவர்கள் செய்கிற தவறு அது. முதலில் வைக்கோல் நிறம் வரும், பிறகு செம்பழுப்பு, ஊதா, நீலம். கறுப்பு கடைசியில்தான், அதுவும் கவனிக்காமல் விட்டால். அண்ணன் எப்படி இறந்தார் என்று மூன்றாவது முறையாகக் கேட்கிறீர்கள். நானும் மூன்றாவது முறையாக அதற்குத்தான் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அந்த வெள்ளிக் காசிலிருந்து தொடங்காவிட்டால் என்னைக் கொடூரமானவன் என்று எழுதிவிடுவீர்கள்.

அப்பா எங்களுக்கு இரண்டு ப்ரூஃப் காசுகளை விட்டுச்சென்றார். கடையில் கொடுத்து மாற்றுவதற்கு அடித்தவை அல்ல. பார்ப்பதற்கென்றே மெருகேற்றிய அச்சில் அடித்தவை. காசின் தரை கண்ணாடிபோல இருக்கும், உருவம் மட்டும் பனி படிந்ததுபோல. இரண்டும் ஒரே வருடம், ஒரே பெட்டி. அறுபது ஆண்டுகளாக அந்தப் பெட்டியின் அட்டையும் துணியும் மூச்சு விட்டு மூச்சு விட்டு அவற்றில் நிறம் ஏற்றியிருந்தன. ஓரத்தில் மயில்கழுத்து நீலம், நடுவில் தேன். ஆளுக்கொன்று என்றார் அப்பா.

அண்ணன் ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் மேற்பார்வையாளர். முப்பது வருடம் கறையோடு மல்லுக்கட்டியவர். தன் பங்கு கைக்கு வந்த அன்று மாலையே, வெள்ளி கழுவும் திரவத்தைக் கிண்ணத்தில் ஊற்றி, காசை இடுக்கியால் பிடித்து முக்கினார். ஏழு வினாடி. நான் எண்ணினேன். அறுபது வருடம் சாக்கடைக்குழாயில் இறங்கிப் போயிற்று.

“பாருடா, இப்பதான் பொறந்த புள்ள மாதிரி இருக்கு” என்றார்.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவன். அந்த நிறம் அழுக்கல்ல, வெள்ளியின் மேல் படர்ந்த மெல்லிய தோலில் வெளிச்சம் செய்கிற வேலை. எண்ணெய் சிந்திய தண்ணீரில் வானவில் தெரிகிறதே, அதுபோல. இதை அவருக்கு எத்தனை முறை விளக்கியிருப்பேன் என்று கணக்கில்லை. கழுதையையும் கற்பூரத்தையும் பற்றிய பழமொழி நாக்கு நுனிவரை வரும். சொன்னதில்லை. அண்ணன் அல்லவா.

ஞாயிற்றுக்கிழமைகளில் தபால் நிலையத்துக்கு மேலே உள்ள அறையில் காசு சேர்ப்பவர்கள் கூடுவோம். அங்கே அவருக்குப் பெயர் சலவை, எனக்குப் பெயர் துரு. பத்து வருடம் ஒரே சண்டை.

“துரு வந்துட்டான், எல்லாரும் காசை மூடிவைங்கப்பா, ஒட்டிக்கும்” என்பார் அண்ணன். எல்லோரும் சிரிப்பார்கள். கடிகாரம் பழுதுபார்ப்பவர் ஒருவர் வருவார். “ஒருத்தனுக்குக் காசு புதுமாப்பிள்ளையா இருக்கணும், இன்னொருத்தனுக்குக் கிழவனா இருக்கணும். நடுவுல அது பாவம்யா, என்ன பண்ணும்?” என்பார். அதற்கும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து என் காசை எடுத்துப் பகல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பேன். என் பக்கம் பேச அது ஒன்றுதான் இருந்தது.

சலவை நீராவியும் மருந்துகளும் அண்ணனின் நுரையீரலைத் தின்றுவிட்டிருந்தன. போன வருடம் வேலையை விட்டார். குளிர்காலம் தொடங்கியதும் படுக்கையில் விழுந்தார். அண்ணி ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுப்பவர். காலை எட்டுக்குப் போனால் மாலை ஆறுக்குத்தான் வருவார். அதனால் அதே வீட்டில் இருந்த நான் நீண்ட விடுப்பு எடுத்துப் பார்த்துக்கொண்டேன். குளிப்பாட்டுவது, கஞ்சி ஊட்டுவது, எல்லாம் நான்தான். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒருநாள் மருந்து வாங்கப் போய்த் திரும்பினேன். அண்ணன் எழுந்து உட்கார்ந்திருந்தார். மேல்மூச்சு வாங்கியது, ஆனால் முகமெல்லாம் சிரிப்பு. மடியில் கிண்ணம்.

“நீ எனக்கு எவ்வளவு செய்யுறே. நான் உனக்கு என்னடா செஞ்சேன்? அதான், உன்னோடதையும் கழுவிட்டேன்.”

துண்டின் மேல் என் காசு இருந்தது. வெள்ளை வெளேரென்று, யாருடையதோ மாதிரி.

நான் கத்தவில்லை. அவர்தான் என் முகத்தைப் பார்த்துப் பயந்துவிட்டார். “நெறம்தானேடா போச்சு. காத்துதான் வரைஞ்சதுன்னு நீயே சொல்வியே. திரும்ப வரையட்டும், விடு” என்றார். பாருங்கள், யோசனை அவருடையது.

நிறம் ஏறுவதற்கு அசையாத காற்று வேண்டும். ஈரம் வேண்டும். கொஞ்சம் கந்தகம் வேண்டும். எங்கள் வீட்டில் இவை மூன்றும் சேர்ந்து கிடைக்கும் இடம் அண்ணனின் அறைதான். அங்கே மண்ணெண்ணெய் ஹீட்டர் எரிந்து கந்தகப் புகை விட்டது, கெண்டியில் எப்போதும் தண்ணீர் கொதித்தது. ஜன்னல் மட்டும்தான் குறை. “ஹீட்டர் எரியுறப்போ ஒரு சாண் திறந்தே இருக்கணும். குளிருதேன்னு சாத்திடாதீங்க” என்று டாக்டர் என்னிடம்தான் சொல்லியிருந்தார். எனக்கு அது நன்றாக நினைவிருந்தது. மறந்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன்.

காசை அண்ணனின் தலைக்கு மேலிருந்த அலமாரியில் வைத்தேன். அண்ணி வேலைக்குப் போனதும் ஜன்னலைச் சாத்துவேன். இடுக்குகளில் துணி செருகுவேன். அவர் வருவதற்கு அரை மணி முன்னால் திறந்துவிடுவேன். ஒருநாள் அண்ணி சீக்கிரம் வந்துவிட்டார்.

“யாரு சாத்துனது? அவருக்கு மூச்சு முட்டுது பாருங்க.”

“காத்துல சாத்திக்கிச்சு, அண்ணி.”

“நீங்க பக்கத்துலயேதானே இருக்கீங்க தம்பி” என்றார். அதற்கு மேல் கேட்கவில்லை. என்னை நம்பினார்.

பன்னிரண்டாம் நாள் வைக்கோல் நிறம் வந்தது. அழுதுவிட்டேன். இருபதாம் நாள் செம்பழுப்பு. நிறம் மாறுவதை நாள்தோறும் ஒரு நோட்டில் எழுதிவந்தேன், அண்ணனுக்குத் தலைவலி என்றும் அன்று அதில் குறித்திருக்கிறேன். நோட்டு உங்களிடம்தான் இருக்கிறதே. ஒரே பக்கத்தில் ‘ஓரத்தில் நீலம்’ என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறாயே, எது எது என்று நேற்று கேட்டீர்கள். மேலே இருப்பது காசு. கீழே இருப்பது அண்ணனின் உதடு. இரண்டிலும் ஓரத்தில்தான் தொடங்கியது. அந்த ஒற்றுமை எனக்கு வியப்பாக இருந்ததால் குறித்துவைத்தேன், வேறு நோக்கமில்லை.

ஒரு முறை அவருக்குக் காட்டினேன். மனம் மாறுவார் என்று நினைத்தேன். காசை அவர் கண்ணருகே சாய்த்துப் பிடித்தேன். நெடுநேரம் பார்த்தார்.

“கறையாயிருச்சேடா” என்றார். “கொண்டா, கழுவித் தர்றேன்.”

மேடம், நீங்கள் என்னுடைய இடத்தில் இருந்து பாருங்கள். ஒரு மனிதர் மூச்சு விடவே திணறுகிறார், அப்போதும் அதையேதான் சொல்கிறார். பத்து வருடம் பேசியது ஒரு சொல்கூட உள்ளே இறங்கவில்லை. சுவரிடம் பேசியிருந்தால் சுவராவது கொஞ்சம் நிறம் மாறியிருக்கும்.

கடைசி நாள் மதியம் இரண்டு மணி. காசின் ஓரத்து நீல வட்டம் மூட இன்னும் ஒரு நகக்கண் அளவுதான் பாக்கி. மற்ற இடமெல்லாம் நீலம், அந்த ஒரு துண்டு மட்டும் ஊதாவில் நின்றது. அது மாறுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று காசை எடுத்துக்கொண்டு அறை மூலையில் உட்கார்ந்திருந்தேன்.

“டேய், ஜன்னல்” என்றார் அண்ணன்.

“பத்து நிமிஷம்ண்ணே.”

கொஞ்ச நேரம் கழித்து, “குட்டி” என்றார். சின்ன வயதில் என்னை அப்படித்தான் கூப்பிடுவார். நான் திரும்பவில்லை. பிறகு அவரே ஜன்னல் கொண்டிக்குக் கையை நீட்டினார். எட்டிவிடும் தூரம்தான். எழுந்துபோய் அந்தக் கையைப் பிடித்து, போர்வைக்குள் வைத்து, போர்வையின் ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகினேன். மெதுவாகத்தான் செய்தேன். அவரிடம் எதிர்க்கிற பலம் இல்லை. ஜன்னலைத் திறந்திருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று டாக்டர் உங்களிடம் சொல்லியிருக்கிறார். சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். எனக்கு அது அப்போதே தெரியும்.

வட்டம் மூடியது. அப்பாவின் பெட்டியில் இருந்ததைவிட ஆழமான நீலம். திரும்பிப் பார்த்தபோது அறை மிகவும் அமைதியாக இருந்தது. அவர் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை, அன்றும் இல்லை, இன்றும் இல்லை. அழகு புரியவில்லை என்பதற்காக ஒருவரை யாராவது கொல்வார்களா?

உங்கள் நிபுணர் அது வெறும் புகைக்கறை, விரலால் தேய்த்தால் போய்விடும் என்று எழுதிக் கொடுத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். அவரும் அண்ணனைப் போல வெள்ளைக் காசுக்காரராக இருக்க வேண்டும். அவரோடு வாதாட எனக்கு இனித் தெம்பில்லை. நீங்கள் எங்கே கையெழுத்துப் போடச் சொல்கிறீர்களோ அங்கே போடுகிறேன்.

ஒன்றே ஒன்று, மேடம். காசைச் சாட்சிப்பொருளாகப் பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒட்டியிருக்கிறார்கள். அந்த மாதிரிப் பிளாஸ்டிக் சில மாதங்களில் வியர்க்கும், பச்சையாகப் பிசுபிசுத்து நிறத்தை அரித்துவிடும். உள்ளே அதற்குக் காற்றே இல்லை. சின்ன வேலைதான். யாரிடமாவது சொல்லி, அதை ஒரு காகித உறைக்கு மாற்றச் சொல்கிறீர்களா?