ராட்டைக்கு முதுகு எந்தப் பக்கம்

வெள்ளைக்காரன் மூட்டை கட்டிக்கிட்டு இருந்த காலம். இதே வேலாண்டிபுரந்தான். இதே வடக்குத்தெரு, இதே தெக்குத்தெரு, நடுவுல இதே மந்தைப் பொட்டல். எடுத்ததுக்கெல்லாம் மல்லுக்கு நிக்கிற சனமும் இதே சனந்தான், அதுல ஒரு மாத்தமும் இல்ல. வடக்குத்தெருவுல சீனியம்மான்னு ஒருத்தி இருந்தாளாம். எங்க தாத்தனுக்கு அக்கா. புருஷன் ரங்கூன் போயி அங்கேயே செத்துப் போனான். தையல் மிஷினை மிதிச்சு மகளை வளத்தவ. குறுக்க பேசாதீக. புதுசா வந்த டீச்சரம்மா கேட்டாகளேன்னு சொல்றேன். கொடியேத்த இன்னும் நேரமிருக்கு, மைக்செட்டுக்காரன் இப்பத்தான் வயரைத் தேடுறான்.

சுதந்திரம் வருதுன்னு சேதி வந்துச்சாம். மந்தையில கொடி ஏத்தணும்னு ரெண்டு தெருவும் ஒண்ணாச் சொல்லுச்சாம். ஒண்ணாச் சொன்னது அதோட சரி. யுத்தத்தால துணிப்பஞ்சம். வேட்டியைக் காவிக்கல்லுல முக்கி மேல் பட்டை, பழைய பச்சைச் சேலையில கீழ்ப் பட்டை, நடுவுல வெள்ளை. வெள்ளையில நூல் நூக்குற ராட்டை இருக்கணும், அவுக பாத்திருந்த கொடி அதுதான். ராட்டைக்கு நீலத்துணி எங்கயும் கெடைக்கல. சீனியம்மா பொட்டியைத் தொறந்து புருஷனோட நீலச்சட்டையை எடுத்து வெட்டினாளாம். மகளுக்குத் தெரியாம அழுதுக்கிட்டே வெட்டினாளாம்.

காவின்னா தியாகம், வெள்ளைன்னா சத்தியம், பச்சைன்னா வெள்ளாமைன்னு மணியக்காரர் வெளக்கம் சொன்னாராம். தியாகம் எங்களுதுன்னு ஒருத்தனும் கேக்கல. வெள்ளாமைன்னு சொன்னதும், அப்ப கண்மாய்த் தண்ணியில எங்க பங்கு என்னாச்சுன்னு தெக்குத்தெரு எந்திரிச்சுச்சாம். என்ன செய்ய?

ஒத்திகைக்கு ஏத்துனாக. ஆடிக்காத்து மேக்க இருந்து அடிக்குது, கொடி கெழக்க பாத்துப் பறக்குது. ஒரு முகம் வடக்குத்தெருவுக்கு, மறு முகம் தெக்குத்தெருவுக்கு. துணி பத்தாததால ராட்டையை ஒரு முகத்துலதான் தச்சிருந்தா. அது வடக்க பாத்துச்சு. தெக்க வெறும் வெள்ளை. "எங்களுக்கு மட்டும் வெள்ளையா? இங்க என்ன எழவா விழுந்திருக்கு?"ன்னு தெக்குத்தெருக் கருப்பணன் குதிச்சானாம். கருப்பணன் யாரு? சீனியம்மா மக சுப்புத்தாயிக்குப் பரிசம் போட்டிருந்த வெயிலுமுத்தைப் பெத்தவன். ஆவணியில கல்யாணம்.

சரி, சம்பந்தியாச்சேன்னு சட்டையோட முதுகுத்துணியையும் வெட்டிப் பின்பக்கமும் தச்சாளாம். முன்பக்கத் தையலுக்கு நேரா தச்சா பின்னாடி திரும்பித்தானே வரும்? வடக்க இருந்து பாத்தா கைப்பிடி வலக்கைப் பக்கம், தெக்க இருந்து பாத்தா இடக்கைப் பக்கம். அவுக சோத்துக்கையால நூப்பாக, நாங்க பீச்சாங்கையால நூக்கணுமான்னு தெக்குத்தெரு கேட்டுச்சாம். கொடியைத் திருப்பிக் கட்டுனா. இப்ப பீச்சாங்கை வடக்குத்தெருவுக்கு. அவுக விடுவாகளா? ரெண்டு முகத்துலயும் கைப்பிடியை வலக்கைப் பக்கமே வெச்சுத் தச்சா. மெல்லிசு வேட்டி, ஒண்ணுக்குள்ள ஒண்ணு தெரிஞ்சு நண்டு மாதிரி இருக்குன்னாக. இதுல ஒரு புத்திசாலி சொன்னானாம், ஐப்பசியில வாடைக்காத்து வந்தா கொடி தானா அங்கிட்டுத் திரும்பிரும், அதுவரைக்கும் தெக்குத்தெரு பொறுத்துக்கட்டும்னு. அவனை அடிக்கப் போனாக.

கடைசியில கருப்பணன் என்ன சொன்னான்? வடக்குத்தெருக்காரி வேணும்னே பண்ணிட்டா, இந்தச் சம்பந்தம் வேணாம், பரிசத்தைத் திருப்பிக் குடுன்னு ஆள் விட்டுட்டானாம். சுப்புத்தாயி சோறு தண்ணி தொடல. சுவத்தைப் பாத்துப் படுத்துட்டா. ஒரு கொடியோட முதுகுக்காகப் பெத்த பிள்ளை வாழ்க்கை போகுதேன்னு சீனியம்மாவுக்கு வயிறு எரிஞ்சுச்சாம். எனக்கே இப்பச் சொல்லும்போது எரியுது.

கொடி ஏத்த ஒரு நாள்தான் இருக்கு. கத்தரிக்கோலை எடுத்துக்கிட்டு மந்தைக்கு வந்தா. ரெண்டு தெருவும் நின்னு கத்திக்கிட்டு இருக்கு. அவுக முன்னாலயே கொடியை மடியில போட்டா. நூலைப் பிரிச்சா, கைப்பிடியை உருவுனா. நூலைப் பிரிச்சா, நூல் சுத்துற கதிரை உருவுனா. நூலைப் பிரிச்சா, கட்டையை உருவுனா. மிச்சம் வெறும் சக்கரம். "கைப்பிடியும் வேணாம், கதிரும் வேணாம். எந்தக் கையாலயும் எவனும் நூக்க வேணாம். இப்பப் பாருங்கடா"ன்னாளாம்.

எல்லாரும் அலறிட்டாக. கொடியை மொண்டியாக்கிட்டா, நாளைக்கு டவுன்ல இருந்து பெரிய மனுஷர் வர்றாரு, நீதான் பதில் சொல்லணும்னாக. சண்டை போட்ட ரெண்டு தெருவும் அவளைத் திட்டுறதுல மட்டும் ஒண்ணாச் சேந்துருச்சாம்.

விடிஞ்சுச்சு. டவுன்காரர் வந்தாரு. நீங்க பழைய ராட்டைக் கொடிதான் வெச்சிருப்பீக, இதுதான் புதுசுன்னு பையில இருந்து ஒரு கொடியை எடுத்து விரிச்சாராம். நடுவுல கைப்பிடி இல்ல, கதிர் இல்ல, சக்கரம் மட்டும். ஊரே அந்தக் கொடியையும் சீனியம்மாவையும் மாத்தி மாத்திப் பாத்துச்சு. ராட்டைன்னா ஒரு பக்கம் நேராவும் மறு பக்கம் திரும்பியும் தெரியுதாம், ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கட்டும்னு டெல்லியில மாத்திட்டாகன்னு அவரு சொன்னாராம். "அங்கயும் நம்ம ஊரு மாதிரித்தான் இருப்பாக போல"ன்னு சீனியம்மா தலையில அடிச்சுக்கிட்டாளாம்.

அதோட விட்டாகளா? சக்கரத்துக்கு ஆரக்கால் இருவத்துநாலுன்னு டவுன்காரர் வாய் தவறிச் சொல்லிட்டாரு. அப்ப பன்னெண்டு எங்களுதுன்னு தெக்குத்தெருவுல ஒரு குரல். எந்தப் பன்னெண்டு, மேல உள்ளதா கீழ உள்ளதான்னு வடக்குத்தெருவுல ஒரு குரல்.

சீனியம்மா விறுவிறுன்னு வீட்டுக்குப் போயி சுப்புத்தாயி கையைப் புடிச்சு இழுத்துட்டு வந்தா. மந்தையைத் தாண்டி தெக்குத்தெருக்காரக நடுவுல, கருப்பணன் பக்கத்துல நிறுத்துனா. "இங்கிட்டு நில்லு. இனிமே இதான் உன் பக்கம்"ன்னா. திரும்பி நடந்து வந்து வடக்க நின்னுக்கிட்டா. கொடி ஏறுச்சு. காத்து விரிச்சுச்சு. இங்கிட்டு இருந்து கூப்பிட்டாளாம்:

"சுப்பு, அங்கிட்டு என்ன தெரியுது?"

அந்தப் பிள்ளை அழுதுக்கிட்டே சொல்லுச்சாம்:

"இங்கிட்டும் அதேதான் ஆத்தா."

கருப்பணன் மேல பாத்தான், பக்கத்துல நிக்கிற பிள்ளையைப் பாத்தான். எல்லாரும் பாக்க வந்து நின்ன பிள்ளையை எப்படி அங்கிட்டுப் போன்னு சொல்லுவான்? துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு, ஆவணி பொறக்கட்டும்னானாம்.

அதான் டீச்சரம்மா, இந்தக் கொடிமரத்துக்குச் சீனியம்மா கம்பம்னு பேரு. கொடி ஏறுனதும் வடக்குத்தெருவுல இருந்து ஒரு தாய் கூப்பிட்டுக் கேக்கணும், தெக்க வாக்கப்பட்ட மக பதில் சொல்லணும். சொன்ன பொறகுதான் மிட்டாய். வாய்க்காலுக்கும் வரப்புக்கும் அடிச்சுக்கிட்டு ரெண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லாமப் போன வருஷமெல்லாம் உண்டு. அப்பவும் மொகத்தை அங்கிட்டுத் திருப்பி வெச்சுக்கிட்டாவது, அதேதான் ஆத்தான்னு சொல்லிருவாளுக.