இரண்டு பீடி நேரம்

மான் கறியில் கொழுப்பு இருக்காது, ஐயா. ஆட்டுக்கறி மாதிரி அடுப்பில் வைத்துவிட்டு மறந்துபோனால் ரப்பராகிவிடும். இஞ்சியைக் குறைத்து, எண்ணெயைத் தாராளமாக ஊற்றி, மூடி போட்டு மெதுவாக வேகவைக்க வேண்டும். என் சம்சாரம் வடிவு அதை நன்றாகச் செய்வாள். ஏன் செய்தாய் என்று கேட்டீர்கள். கறியில் இருந்துதான் என்னால் ஆரம்பிக்க முடியும்.

என் பெயர் எத்திராஜ். வயது அறுபத்தெட்டு. மூன்றாவது வரை படித்தேன். கையெழுத்துப் போடுவேன், பஸ் நம்பர் பார்ப்பேன், அதற்கு மேல் எழுத்து எனக்கு வேண்டியிருக்கவில்லை. எழுத்தை வைத்து ஏமாற்றியவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். இந்தப் போலீஸ்காரத் தம்பி எழுதி முடித்ததும் ஒரு தடவை வாசித்துக் காட்டட்டும். நான் சொல்லாத எதையும் சேர்க்க வேண்டாம்.

ஆவடியைத் தாண்டி எங்கள் ஊர்க் கடைசித் தெரு ஒரு மதிலில் போய் முட்டும். மதிலுக்கு அந்தப் பக்கம் அரசாங்கக் காடு. வேலிக்காத்தான் முள், தைலமரம், நடுவில் ஒரு குட்டை, அப்புறம் புள்ளிமான். எங்கள் அப்பா உழுத நிலமும் அந்த மதிலுக்குள் போனது என்பார்கள். நான் பத்திரம் பார்த்ததில்லை. மழைத்தண்ணீர்க் கால்வாய் மதிலுக்கு அடியில் நுழைகிற இடத்தில் ஓர் ஆள் குனிந்து போகலாம். மான் அடிப்பது குற்றம் என்று தெரியும். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். வருஷத்துக்கு இரண்டு, மிஞ்சினால் மூன்று. துப்பாக்கி வெடித்தால் காவல்காரர்கள் வந்துவிடுவார்கள். வில்லுக்குச் சத்தம் கிடையாது.

வில்லைச் செய்தவன் பாண்டியன். மதுரைப் பக்கத்துக்காரன். ராணுவத்துக்குச் சாமான் செய்கிற தொழிற்சாலையில் இரும்பு கடைகிற டர்னராக இருந்தான். குவார்ட்டர்ஸை விட்டதும் எங்கள் தெருவிலேயே வீடு பார்த்துக்கொண்டு வந்தான். என்னைவிட ஆறு வயது சின்னவன். என்னை அண்ணே என்பான், வடிவை மதினி என்பான். எங்கள் பக்கத்தில் அண்ணி என்போம். அவர்கள் ஊரில் மதினியைக் கேலி பேசலாம், அந்த முறை உண்டு என்று ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னான். நான் சிரிக்கவில்லை. மனதில் வாங்கி வைத்துக்கொண்டேன்.

மூங்கிலைப் பிளந்து, நெருப்பில் வாட்டி வளைத்து, நைலான் கயிறு கட்டி இரண்டு வில் செய்தான். அம்பு முனைக்கு ரம்பத் தகட்டைத் தீட்டினான். ஒரு வில் எனக்கு.

மானிடம் நடந்து போவது லேசுப்பட்ட வேலை இல்லை. வெறுங்காலில் போக வேண்டும். விபூதியைக் கிள்ளி உதறிக் காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க வேண்டும். காற்று நம் முகத்தில் அடித்தால்தான் நம் வாசம் மானுக்குப் போகாது. மான் குனிந்து மேயும்போது ஓர் அடி. நிமிர்ந்தால் தூக்கிய கால் தூக்கியபடியே நிற்க வேண்டும். மான் ஏமாற்றும். மேயக் குனிவது போலக் குனிந்து சட்டென்று நிமிர்ந்து பார்க்கும். எல்லாரும் மானைச் சாது என்கிறார்கள். எனக்கு அதன்மீது மரியாதை வந்தது இந்த ஒரு விஷயத்தில்தான். யாரையும் நம்பாது. ஐம்பது அடி போக ஒரு மணி நேரம்கூட ஆகும்.

இரண்டு பேர் போனால் ஒருவன் முன்னால், ஒருவன் பின்னால். பின்னவன் முன்னவனுடைய கால் பட்ட இடத்தில்தான் கால் வைப்பான். முன்னவன் திரும்பிப் பார்க்க மாட்டான். திரும்பினால் மான் கண்டுகொள்ளும்.

அம்பு பட்டதும் மான் விழுந்துவிடாது, ஓடும். துரத்தக் கூடாது. இரண்டு பீடி குடிக்கிற நேரம் அப்படியே உட்கார்ந்திருக்க வேண்டும். காட்டுக்குள் பீடி பற்றவைக்க மாட்டோம், அது ஒரு கணக்குக்குச் சொல்வது. துரத்தாமல் விட்டால் மான் கொஞ்ச தூரத்தில் படுத்து அமைதியாக அடங்கிவிடும், கறி மெத்தென்று இருக்கும். துரத்தினால் பயத்தில் ஓடி ஓடிச் சாகும், கறி கறுத்து நார் நாராகிவிடும். பாண்டியன் உட்கார்ந்திருப்பான். என்னால் ஆகாது. நான் அடித்ததை வேறு எவனாவது தூக்கிக்கொண்டு போய்விடுவானோ என்று எழுந்துவிடுவேன். இங்கே நம்மை விட்டால் யாரும் இல்லை என்பான் பாண்டியன். அவன் சொல்வான்.

வடிவு முதல் வாயிலேயே கண்டுபிடித்துவிடுவாள்.

"இது பாண்டி தம்பி அடிச்சது."

எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"வாயில வச்சா தெரியாதா. உன்னுது கயிறு மாதிரி கீதுயா. துப்பவும் முடில, முழுங்கவும் முடில."

முதலில் வேடிக்கையாகத்தான் இருந்தது. வருஷம் போகப் போக நான் அடித்த கறியை அவள் தொடுவதே இல்லை. ஒரு துண்டை எடுத்து, வாயில் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஒதுக்கி, எனக்குத் தெரியாமல் எடுத்துத் தட்டோரம் வைப்பாள். அவன் அடித்ததென்றால் இரண்டாவது தடவை போட்டுக்கொள்வாள். போன ஆடியில் ஒரே நாளில் இரண்டு பேருக்கும் ஆளுக்கொன்று விழுந்தது, ஒரு சோதனை வைத்தேன். அவன் அடித்ததை என்னுடையது என்றும், நான் அடித்ததை அவனுடையது என்றும் சொல்லிக் கொடுத்தேன். சரியாக அவனுடையதையே தின்றாள். நாற்பத்திரண்டு வருஷம் என்னோடு குடித்தனம் செய்தவளுடைய நாக்குக்கு இன்னொருத்தன் கை தெரிகிறது. நீங்கள் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்வீர்களா, ஐயா. நான் கேட்கிறேன், அவ்வளவுதான்.

பாண்டியன் பெண்சாதி இறந்து நாலு வருஷம் ஆகிறது. அதிலிருந்து வடிவு அவனுக்குத் தூக்குச்சட்டியில் குழம்பு கொடுத்தனுப்புவாள். தூக்கு கழுவி வரும். நான் மூடியைத் திறந்து பார்ப்பேன். உள்ளே ஒன்றும் இருக்காது. ஒரு தடவைகூட ஒன்றும் இல்லாதது எனக்குச் சரியாகப் படவில்லை.

கார்த்திகை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மாங்காடு கோயிலுக்குப் போகிறேன் என்றாள். போய் வா என்றேன். பிறகு நானும் கிளம்பினேன். அவள் பஸ்ஸில் முன்வாசலில் ஏறினாள், நான் பின்வாசலில். அவள் தலை குனிந்தால் நகர்ந்தேன், நிமிர்ந்தால் நின்றேன். ஜனக்கூட்டத்தில் அது இன்னும் சுலபம். பூந்தமல்லியில் இறங்கியவள் மாங்காடு பஸ் பக்கமே போகவில்லை. அங்கே பாண்டியன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு நின்றிருந்தான். இரண்டு பேரும் ஒரு ஷேர் ஆட்டோவில் ஏறினார்கள். நான் அடுத்த ஆட்டோவில் ஏறினேன்.

வேலப்பன்சாவடியில் ஒரு பெரிய காலேஜ் கேட்டுக்குள் போனார்கள். கேட்டுக்கு மேல் நீளமாக ஏதோ எழுதியிருந்தது. வெள்ளைக் கோட்டுப் போட்ட பிள்ளைகள் போவதும் வருவதுமாக இருந்தார்கள். யாரையும் கேட்கவில்லை. கேட்டால் உண்மையா சொல்லப்போகிறார்கள். இந்த வயதில் காலேஜில் இவர்களுக்கு என்ன வேலை. தெரிந்தவர்கள் வராத இடமாகப் பார்த்து வந்திருக்கிறார்கள் என்று புரிந்துகொண்டேன். இளநீர் வண்டிக்குப் பின்னால் இரண்டு மணி நேரம் நின்றேன். மானுக்காக அதைவிட அதிகம் நின்றிருக்கிறேன்.

வெளியே வந்தபோது வடிவு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. பாண்டியன் அவளை நிழலில் நிற்கவைத்துவிட்டு, பக்கத்துக் கடையில் ஒரு கப் ஐஸ்கிரீம் வாங்கிவந்து கொடுத்தான். அவள் ரோட்டுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, மரக்கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டாள். நான் அவளுக்கு ஐஸ்கிரீம் வாங்கித் தந்ததில்லை. அவள் கேட்டதில்லை.

வீட்டுக்கு வந்து கோயிலில் கூட்டமா என்று கேட்டேன். வாயைத் திறக்காமல் தலையை ஆட்டினாள். சோறு வேண்டாம் என்று கையைக் காட்டினாள். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடிக்கவில்லை, திட்டவில்லை. அக்கம்பக்கத்தில் விசாரித்துப் பாருங்கள்.

தை மாதம், காணும் பொங்கல் முடிந்து நாலாம் நாள், விடிகிற நேரத்தில் நானும் பாண்டியனும் கால்வாய் வழியாக உள்ளே போனோம். காவல்காரர்கள் ஆள் மாறுகிற நேரம் அது. முன்னால் நீ போ என்றேன். குட்டைக்கு இந்தப் பக்கம் ஓர் இளம் ஆண்மான் தனியாக மேய்ந்துகொண்டிருந்தது. அவன் மானைப் பார்த்து அடி வைத்தான். நான் அவனைப் பார்த்து அடி வைத்தேன். அவன் திரும்பவில்லை. இத்தனை வருஷத்தில் ஒரு தடவை திரும்பியதில்லை. அவன் முட்டி போட்டு அம்பை விட்டான். மான் துள்ளி முள்ளுக்குள் ஓடியது. வழக்கம் போல வில்லைத் தரையில் வைத்துவிட்டுக் குனிந்து உட்கார்ந்தான். காற்று என் முகத்தில்தான் அடித்தது. பத்தடி இருக்கும். இடது தோள்பட்டைக்குக் கீழே, மானுக்குக் குறி பார்க்கிற இடத்தில், அம்பை விட்டேன்.

பக்கவாட்டில் சாய்ந்தான். கத்தவில்லை. கொஞ்ச நேரம் கழித்து என்னைப் பார்த்தான்.

"அண்ணே, கை தவறிருச்சுல்ல. பயப்படாதீக. நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன். தூக்கி விடுங்க."

நான் உட்கார்ந்தேன். மனதுக்குள் ஒரு பீடியைப் பற்றவைத்தேன். நெருப்பு நுனியில் இருந்து கை வரை வருகிற மாதிரி நினைத்து நினைத்துக் குடித்தேன். இரண்டாவது பீடி பாதியில் அவன் மறுபடி பேசினான்.

"மதினிட்ட இப்பச் சொல்லாதீக. அது தாங்காது."

அந்த நேரத்திலும் அவனுக்கு வடிவு ஞாபகம். எனக்குக் கொஞ்சநஞ்சம் இருந்த குழப்பமும் அதோடு போய்விட்டது. எதற்கும் இருக்கட்டும் என்று மூன்றாவது பீடியும் குடித்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக எழுந்து ஓடாமல் முழு நேரமும் உட்கார்ந்தேன். அவன் பார்த்திருந்தால் மெச்சியிருப்பான்.

பிறகு மானைத் தேடிப் போனேன். முள்ளுக்கு அந்தப் பக்கம் தூங்குகிற மாதிரி படுத்திருந்தது. ஒரு தொடையும் ஈரலும் அறுத்துச் சாக்கில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். நான் அடித்தது என்று வடிவிடம் கொடுத்தேன். பாண்டியன் இன்றைக்கு வரவில்லை என்றேன். அவள் சமைத்தாள். மத்தியானம் எனக்கு எதிரில் உட்கார்ந்து ஒரு துண்டு எடுத்தாள். மென்றாள். விழுங்கினாள். பிறகு கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"இது உன் கறி இல்ல. பாண்டி தம்பி எங்கயா?"

நான் அடுத்த துண்டை எடுத்தேன். கையைக் கழுவாமலே செருப்பை மாட்டிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனாள். பூட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு நேராக உங்கள் ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறாள். நான் ஓடவில்லை. நீங்கள் வந்தபோது சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கறி நன்றாகத்தான் இருந்தது.

நேற்று என் மகள் கலைவாணி இங்கே வந்து கம்பிக்கு வெளியே நின்று பேசிவிட்டுப் போனாள். அம்மாவுக்கு ஐந்தாறு வருஷமாகவே கடைவாய்ப் பல் ஒவ்வொன்றாக ஆடி விழுந்துகொண்டிருந்ததாம். கடைசியாக மிச்சம் இருந்ததில் சீழ் வைத்துவிட்டதாம். வேலப்பன்சாவடியில் இருப்பது பல் டாக்டருக்குப் படிக்கிற காலேஜாம், அங்கே பல் பிடுங்குவார்களாம். தனக்கு லீவு கிடைக்காததால் பாண்டி சித்தப்பாவைத் தானே துணைக்குப் போகச் சொன்னாளாம். பல் பிடுங்கினால் ஐஸ்கிரீம் சாப்பிடச் சொல்வார்களாம்.

"உன்கிட்ட ஏன் சொல்லணும்பா. சொன்னா வுட்டிருப்பியா?"

அதுவும் ஒரு பழைய கதை. கல்யாணமான புதிதில் வடிவுக்குக் காய்ச்சல் வந்து கூட்டிப்போனபோது டாக்டர் அவள் தாடைக்குக் கீழே கையை வைத்து அழுத்திப் பார்த்தான். நான் ஊசி போடுவதற்கு முன்னாலேயே வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டேன். எந்தப் புருஷனும் செய்வதுதான். இத்தனை வருஷம் அதை அவள் மனதில் வைத்துக்கொண்டிருந்தால் அதற்கு நான் என்ன செய்வது.

கலைவாணி சொன்னது உண்மையாகவே இருக்கட்டும். பல் இல்லாதவளுக்கு மெத்தென்ற கறிதான் இறங்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவளுக்கு வலித்தது அவனுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. அது ஒன்று போதாதா.

பாண்டியனைக் கொன்றது நான்தான். கை தவறவில்லை, குடிக்கவில்லை, கோபத்திலும் செய்யவில்லை. அதை அப்படியே எழுதச் சொல்லுங்கள். சந்தேகத்தில் செய்தான் என்று மட்டும் எழுத வேண்டாம். நான் சந்தேகப்படுகிற ஆள் கிடையாது, பெண்சாதியை ஒரு நாளும் ஒரு கேள்வி கேட்டவன் இல்லை.

காலையில் இருந்து வடிவு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அழுகிறாள் என்று உங்கள் பெண் போலீஸ் ஒன்று சொன்னது. எனக்காக அழுகிறாளா, அவனுக்காகவா என்று போய்க் கேட்டுவிட்டு வாருங்கள், ஐயா. கேட்டாலும் அவள் உண்மையைச் சொல்ல மாட்டாள், முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். வந்து சொல்லுங்கள். அதற்குப் பிறகு கையெழுத்துப் போடுகிறேன்.