எட்டில் ஒரு பங்கு

"பால் வேணாம் சார். கோப்பி ஓ போதும்லா."

ஆமாம், பத்தொன்பது குட்டிகள். என் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள்: பவித்ரன். செமோர் ஊருக்குப் பின்னால், பழைய ரப்பர் தோட்டத்தில் இருக்கும் ஆட்டுப் பண்ணையில் வம்சாவளிப் புத்தகம் என் பொறுப்பு.

எங்கள் ஆட்டினம் வேறெங்கும் இல்லை. கொட்டகையில் இருநூறு தலை நிற்கின்றன. ஆனால் பாதிக்கு ராஜு என்ற ஒரே கிடாதான் தகப்பன். உறவுக்குள்ளேயே ஈன்றால் உட்கலப்பு ஏறும். அது தலைமுறைக்குத் தலைமுறை ஏறும் வேகத்தை வைத்துத்தான், மந்தை உண்மையில் எத்தனை ஆடுகளுக்குச் சமம் என்று கணிப்போம். வேகம் கூடினால் அந்த எண் குறையும். போன ஆண்டு முப்பத்தெட்டு வந்தது. அடுத்த ஆண்டும் ஐம்பதுக்குக் கீழே என்றால் எல்லாவற்றையும் இறைச்சிக்கு விற்றுவிடுவேன் என்றார் முதலாளி.

நான் புத்தகத்தில் ஒரு பொய்கூட எழுதவில்லை. ஏழாம் நாள் காதில் எண் குத்திய பிறகுதான் குட்டி புத்தகத்தில் ஏறும். அது பண்ணையின் பழைய விதி. ஆகவே எனக்கு ஆறு நாள் இருந்தது. ராஜுவின் மகனும், வேறு தாய்க்குப் பிறந்த ராஜுவின் மகளும் சேர்ந்தால் குட்டியின் உட்கலப்பு எட்டில் ஒரு பங்கு. அதை எல்லையாக வைத்தேன். எல்லையைத் தொட்டவற்றை மழைத்தொட்டிக்குக் கொண்டுபோனேன். தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும்படி பார்த்துக்கொண்டேன். பிறகு தொட்டியடியிலேயே புதைத்தேன்.

இந்த ஆண்டு ஐம்பத்திரண்டு வந்தது. முதலாளி என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

கொட்டகையில் பிரசவம் பார்ப்பவள் என் கூடப்பிறந்த தினேஸ்வரி அக்கா. அவள்தான் கேட்டாள்.

"டேய் பவி, நாப்பத்தொரு குட்டி என் கையில பொறந்துச்சி. புத்தகத்துல இருபத்திரெண்டுதான் இருக்கு. மிச்சம் எங்கடா, வானத்துல மேயுதா?"

"பக்கத்துக் கம்பத்து நாய் தூக்கிட்டுப் போயிருக்கும்லா."

"நாய்க்கு ராஜு வீட்டுப் பிள்ளைங்கதான் ருசிக்குதோ?"

மறுநாள் தொட்டியடியில் மண்ணைக் கிளறிவிட்டு உங்களுக்குப் போன் செய்தாள். அவள்மேல் எனக்குக் கோபமில்லை. நிறைமாதக்காரி, மனம் இளகித்தான் இருக்கும். பிரசவத்துக்கு அடுத்த வியாழக்கிழமை நாள் குறித்திருக்கிறார்கள். அவள் கணவர் பத்துமலை, எங்கள் அம்மாவின் கடைசித் தம்பி.

லாக்கப்பில் காகிதம் இல்லை. மனத்திலேயே போட்டுப் பார்த்தேன். தாய்மாமனுக்கும் அக்கா மகளுக்கும் பிறக்கும் பிள்ளைக்கும் சரியாக எட்டில் ஒரு பங்குதான் வருகிறது. இரண்டு தடவை சரிபார்த்தேன்.

எங்கள் குடும்பத்தின் மேல் என்னைவிட அக்கறை உள்ளவன் யாருமில்லை, சார். பிள்ளை பிறந்து ஏழு நாள் ஆவதற்குள், என்னை ஒருமுறை வீட்டுக்கு அனுப்ப முடியுமா?