திருப்பி வைத்த படம்

ஒரு பக்கத்தில் யாருடைய முகத்தை வைத்தாலும் அது எழுத்தைப் பார்த்தபடி இருக்க வேண்டும். வெளியே பார்த்தால் படிக்கிறவர் கண்ணும் வெளியே போய்விடும். வலைப்பக்கம் வடிவமைக்கிற எங்கள் வேலையில் சேர்ந்ததுமே சொல்லிக்கொடுப்பது இது. அப்பாவின் படத்தை நான் திருப்பியதும் அதனால்தான். இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர் சார்.

அப்பா காணாமல் போனதும் அக்கா பதறியடித்துக்கொண்டு வந்தாள். அவருக்கு மறதி நோய் வந்து பல வருடம். அக்கா கல்யாணமாகி நகரத்தின் மறுகோடியில் இருக்கிறாள். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, சுவரில் பூசியதைக் கழுவுவது எல்லாம் நான்தான்.

"கம்ப்யூட்டர்ல வேலை பாக்கறவன்தானே நீ, ஏதாவது பண்ணுடா" என்றாள்.

'காணவில்லை' என்று ஒரு வலைப்பக்கம் பண்ணினேன். வலைப்பக்கத்தில் கான்வாஸ் என்று ஒரு வெற்றுப் பரப்பு போடலாம். நாங்கள் பயன்படுத்தும் ஸ்கிரிப்ட் தொகுப்பில், அதன்மேல் ஏற்றும் படம் ஒவ்வொன்றும் ஒரு தனிப் பொருள். நகர்த்தலாம், சுருக்கலாம், சாய்க்கலாம், மங்கலாக்கலாம். அசல் கோப்புக்கு ஒன்றும் ஆகாது. கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலமாகத் திருப்ப ஒரே வரி போதும். அந்த வரியை எழுதினேன். அப்பா எழுத்தின் பக்கம் பார்த்தார்.

மோவாயில் இடது கையை ஊன்றி உட்கார்ந்திருக்கும் படம் அது. இளவயதில் லேத் மெஷினில் சிக்கி அந்தக் கையின் சுண்டுவிரல் போய்விட்டது. திருப்பியதும் அது வலது கையாகிவிட்டது. நான் திரையைப் பார்த்தே அடையாளத்தைத் தட்டினேன்: வலது கையில் சுண்டுவிரல் இருக்காது. அக்கா அழுதுகொண்டே படித்தாள், அவளுக்கும் பிடிபடவில்லை. கீழே என் ஃபோன் எண்ணைப் போட்டேன்.

அதுவரை நடந்தது கைப்பிழைதான்.

மறுநாள் அலுவலகத்தில் ஃபோன் வந்தது. முதியோர் காப்பகம் ஒன்றில் வேலை செய்யும் ஓர் அம்மா பேசினார்.

"நேத்து இங்க ஒரு பெரியவரக் கொண்டாந்து விட்டாங்க தம்பி. மொகம் அச்சு அசலா இருக்கு. ஆனா இவருக்கு எடது கையிலதான் வெரல் இல்ல. நீங்க வலதுன்னு போட்டிருக்கீங்களே?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பக்கம் எதிரே திறந்தே இருந்தது. அந்த வரியில் ஒரு சொல், அடையாளத்தில் ஒரு சொல் மாற்றினால் எல்லாம் நேராகிவிடும். ஆனால் முந்தைய நாள் வீடு அமைதியாக இருந்தது, சார். எத்தனையோ காலத்துக்குப் பிறகு சோறு ஆறுவதற்குள் சாப்பிட்டிருந்தேன்.

"வலதுதாங்க. எங்கப்பா கை எனக்குத் தெரியாதா?" என்றேன்.

நல்ல இடம், நம்மைவிட நன்றாகக் கவனிப்பார்கள் என்று என்னைத் தேற்றிக்கொண்டேன். அங்கே வெளியே போகிறவர்களைத் தடுக்க ஆளில்லை என்பது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளக் கேட்கவும் இல்லை. அப்பா அங்கிருந்து வெளியேறிக் கொட்டுகிற மழையில் நடந்திருக்கிறார். கால்வாய் ஓரத்தில் கிடைத்தார்.

பிணவறையில் அக்காதான் துணியை விலக்கிக் கையைப் பார்த்தாள். "எடதுடா" என்றாள் மெல்ல. பிறகு என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"அந்தப் பதட்டத்துல யாருக்குடா எடம் வலம் தெரியும்? மனசப் போட்டு உழப்பிக்காத. இத்தன வருஷம் அவரக் கைக்கொழந்த மாதிரி பாத்துக்கிட்டவன் நீ."

அந்தத் தோளிலிருந்து தலையை எடுக்கவும் கூசியது, வைத்திருக்கவும் கூசியது. இன்றுவரை அவள் வீட்டுக்குப் போனால் குழந்தைகளைக் கொஞ்சுகிற சாக்கில் குனிந்தே இருந்துவிட்டு வருகிறேன். அவள் மன்னித்தது கைப்பிழையை. நீங்கள் கேட்பதும் அதைப் பற்றித்தான். அதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு எழுந்து போயிருக்கலாம்.

ஆனால் அன்று நான் 'வலதுதாங்க' என்ற பிறகும் அந்தக் காப்பகத்து அம்மா உடனே ஃபோனை வைத்துவிடவில்லை. இன்னொன்றும் கேட்டார்.

"'பாப்பு எங்க, பாப்புவக் கூப்பிடு'ன்னு ஓயாம கேட்டுக்கிட்டே இருக்காரு தம்பி. உங்க வீட்டுல பாப்புன்னு யாராவது இருக்காங்களா?"

அப்பா என்னை அப்படித்தான் கூப்பிடுவார். என் நிஜப் பெயர் அவருக்கு மறந்து வெகுநாளாகிவிட்டது. அது மட்டும் மறக்கவில்லை. அந்த அம்மாவின் குரலுக்குப் பின்னால் அவர் கூப்பிடுவது எனக்கே கேட்டது.

அப்படி யாரும் இல்லை என்று சொன்னேன்.